அல்சைமர் பராமரிப்பு: ஆள் தேடுவதும் பணம் ஒதுக்குவதும்

வீட்டில் ஒருவருக்கு அல்சைமர் என்று மருத்துவர் சொன்னதும், இதற்கு என்ன மருந்து, எவ்வளவு செலவாகும் என்றே பெரும்பாலான குடும்பங்கள் கேட்கின்றன. உண்மையில் இந்த நோயில் மருந்துச் செலவு சிறியது. பகலிலும் இரவிலும் உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆகும் ஆள் செலவுதான் பெரியது, அதைக் காப்பீடு பொதுவாகத் தருவதில்லை. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் மறதி நோயுடன்) வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியாவை உண்டாக்கும் நோய்களில் அல்சைமரே முதன்மையானது. இவர்களில் மிகப் பெரும்பாலானோரை வீட்டிலுள்ள பெண்களே சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே பணத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடாமல், நோயாளி தம் விருப்பத்தைச் சொல்லவும் கையெழுத்திடவும் முடிகிற காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும் என்பதே, மதுரைப் பகுதிக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதிய இந்தக் கட்டுரை வலியுறுத்துவது.

முதலில் நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள்

வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று விட்டுவிடுவதும், மறதி என்றாலே அல்சைமர்தான் என்று முடிவுகட்டுவதும் ஒரே அளவுக்குத் தீங்கானவை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததில் மண்டையோட்டுக்குள் மெல்லத் தேங்கிய ரத்தக் கசிவு ஆகியவையும் மறதியாகவே வெளிப்படும், இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே ரத்தப் பரிசோதனைகளும் மூளையின் ஸ்கேனும் முடியாமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது.

மதுரையில் கோரிப்பாளையம் பனகல் சாலையிலுள்ள அரசு இராசாசி மருத்துவமனையில், ஊரார் வழக்கில் பெரியாஸ்பத்திரியில், நரம்பியல், மனநலம் ஆகிய இரு பிரிவுகளும் உள்ளன. தனியார் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டும் வசதியுள்ளவர்களும் ஒருமுறையேனும் அங்கே காட்டிப் பதிவுச் சீட்டு வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பின்னால் ஊனச் சான்று, வரிச் சலுகை என்று எதற்குப் போனாலும் அரசு மருத்துவமனையின் பதிவு கைகொடுக்கும். காலையிலேயே போய்விடுங்கள். வீட்டில் கவனித்த மாற்றங்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால், கூட்ட நெரிசலில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகா. நோயாளியின் எதிரிலேயே அவருடைய தடுமாற்றங்களை அடுக்குவதைவிட அந்தத் தாளை நீட்டுவது மரியாதையாகவும் இருக்கும்.

கண்ணையும் காதையும் சோதிப்பதை மறக்க வேண்டாம். கண்புரை முற்றியவருக்கு நிழல் ஆளாகத் தெரியும், காது மந்தமானவர் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்வார், இரண்டும் மறதியின் கணக்கில் சேர்ந்துவிடும். அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் கண்புரையை முற்றவிட்டுக் குழப்பத்தைக் கூட்டிக்கொள்ளக் காரணமே இல்லை.

மருந்தைப் பொறுத்தவரை டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகியவையே வழக்கமாக எழுதப்படுகின்றன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை, சிலருக்குச் சில காலம் நினைவையும் நடத்தையையும் ஓரளவு தாங்கிப்பிடிக்கின்றன. மக்கள் மருந்தகங்களிலும், தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளாகக் கேட்டுப் பார்த்தால் மாதச் செலவு குறையலாம். முழுதாகக் குணமாக்குவேன் என்று பணம் கேட்பவர் எந்த வைத்திய முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் கொடுக்கும் பணம் நாளைக்குப் பராமரிக்க வரும் ஆளின் சம்பளத்திலிருந்து போகிறது.

கையெழுத்து செல்லும் காலத்திலேயே முடிக்க வேண்டியவை

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். பல குடும்பங்களில் பணம் இருக்கிறது, ஆனால் தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்க வழியில்லாமல் போகிறது.

அப்பா நல்ல நினைவோடு இருந்தபோது மகனுக்குப் பவர் (தமக்காக முகவராகச் செயல்படும் அதிகாரம்) எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை வைத்துக் கடைசிவரை சமாளித்துவிடலாம் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துபோகிறது. அதாவது, எந்த நிலைமைக்காகப் பவர் எழுதப்பட்டதோ அந்த நிலைமை வரும்போதே அது பயனற்றதாகிவிடும். அதன்பின் சொத்தை விற்றோ வைப்புத்தொகையை எடுத்தோ சிகிச்சை பார்க்க வேண்டுமானால், காப்பாளராக நியமிக்கக் கோரி நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். நினைவிழந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி கேட்டு மனைவியர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு உத்தரவு பெற்ற வழக்குகள் உண்டு. மதுரையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்ந்தவர்களுக்கு மேலூர் சாலையிலுள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதற்கான இடம். வழி இருக்கிறது, ஆனால் அதற்கு வழக்கறிஞர் செலவும் மாதக் கணக்கில் காத்திருப்பும் ஆகும்.

ஆகவே நோயின் தொடக்கத்திலேயே, அவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு, வங்கிக் கணக்கில் மனைவியையோ பொறுப்பான பிள்ளையையோ கூட்டாளியாகச் சேர்த்து, இருவரில் எவரும் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். வைப்புத்தொகை, அஞ்சலகச் சேமிப்பு, எல்.ஐ.சி., லாக்கர் ஒவ்வொன்றிலும் வாரிசுதாரர் (நாமினி) நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசு நியமனம் இறப்புக்குப் பின்னரே உதவும், உயிரோடிருக்கும்போது பணம் எடுக்க உதவாது என்பதால் கூட்டுக் கணக்கே முக்கியம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது, கிளையில் எழுத்துமூலம் கேளுங்கள். ஓய்வூதியர் என்றால் உயிர்வாழ் சான்றை அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்துப் பதிவுசெய்யும் வசதி உண்டு. அலுவலகக் கூட்டத்தில் தடுமாறி நிற்கும் கொடுமை அவருக்கு வேண்டாம்.

பாஸ்புக்கைப் பதிந்து பார்க்கும்போது ஒரே நாளில் ஒரே தொகை மூன்று முறை எடுக்கப்பட்டிருந்தால், எடுத்ததை மறந்து மீண்டும் எடுத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். ஏ.டி.எம். உச்சவரம்பைக் குறைப்பதும் வங்கிக் குறுஞ்செய்தி பிள்ளையின் கைபேசிக்கும் வரும்படி செய்வதும் அவரை அவமதிக்காமல் காக்கும் வழிகள். தொலைபேசி மோசடியில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்ய வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

உயில் எழுதுவதானால், எழுதும் நாளிலேயே மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று பெற்று, முடிந்தால் பதிவும் செய்துவிடுங்கள். உடல்நிலை இடம் தராவிட்டால் சார்பதிவாளரைக் கட்டணம் செலுத்தி வீட்டுக்கு வரவழைக்கச் சட்டத்தில் இடமுண்டு. வீட்டை இப்போதே ஒரு பிள்ளையின் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்ற யோசனை எல்லா வீட்டிலும் எழும். நான் அதை ஆதரிக்கமாட்டேன். தவிர்க்க முடியாவிட்டால், பெற்றோர் இருவரின் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிப்பது எழுதி வாங்குபவரின் கடமை என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் செய்யுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரலாம். பிள்ளைகள் பார்க்க மறுக்கும் நிலையிலும் இதே சட்டத்தின் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும்.

இன்னொரு காகிதம் அதிகம் அறியப்படாதது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றல் கோளாறும் அடங்குகிறது. அச்சட்டத்தின்படி, தமக்காகச் சிகிச்சை முடிவுகளை யார் எடுக்க வேண்டும் என்பதை ஒருவர் வெள்ளைத் தாளிலேயே எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு நியமிக்கலாம். அண்ணனும் தம்பியும் மருத்துவமனை வராந்தாவில் நின்று வாக்குவாதம் செய்யும் நிலையை இந்த ஒரு தாள் தவிர்க்கும்.

மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள்

செலவைத் தோராயமாகப் பேசாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாகப் பகலில் மட்டும் வரும் ஆளுக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் என்று உங்கள் பகுதியில் பேசி முடித்தால், மாதம் 21,000 ஆகிறது. டயப்பர் ஒன்று 35 ரூபாய், நாளுக்கு மூன்று என்றால் மேலும் 3,150. இவற்றோடு மருந்து, மருத்துவர் கட்டணம், ஆட்டோ, கூடுதல் சலவை, ஆள் வராத நாளில் வேறொருவருக்குக் கொடுப்பது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இந்த விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காகவே, உங்கள் தெருவின் விலையை நீங்கள் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நோய் பல ஆண்டுகள் நீடிக்கும், போகப்போக ஆள் தேவை கூடும் என்பதால் முதல் ஆண்டுக் கணக்கையே கடைசிவரை நீட்டிவிடக் கூடாது.

அந்த நோட்டில் எல்லோரும் எழுத மறக்கும் ஒரு வரி உண்டு. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் மகளின், மருமகளின் இழந்த சம்பளம்தான் அது. சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு தம் பங்கு முடிந்ததாக நினைக்கிறார்கள். இங்கே மதுரைத் திருநகரில் மாமனாரோடு இரவெல்லாம் விழித்திருப்பவளின் உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை. பெற்றோரின் ஓய்வூதியத்திலோ வாடகை வருமானத்திலோ ஒரு தொகையை அவளுக்கென்று மாதந்தோறும் அவளுடைய வங்கிக் கணக்கில் போட்டுவிடுவதைக் குடும்பம் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டும். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூலியா என்று யாராவது கேட்பார்கள். வெளியாளுக்கு மாதம் 21,000 கொடுக்கத் தயாராக இருக்கும் குடும்பம் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கக் கூச்சப்படுவது நியாயமில்லை. வாரத்தில் ஒரு முழு நாள் அவளுக்கு ஓய்வு வேண்டும் என்பதையும், அன்று யார் வருவார் என்பதையும் பெயர் போட்டே எழுதிவிடுங்கள்.

எங்கிருந்து பணம் வரும், எங்கிருந்து வராது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், எழுபது வயது நிறைந்தோருக்கென 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்திய ஆயுஷ்மான் திட்டமும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. இடுப்பெலும்பு முறிந்தாலோ நிமோனியா வந்தாலோ பயன்படும், வீட்டுக்கு வரும் ஆளின் சம்பளத்துக்குப் பயன்படாது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போதே அல்சைமர் இருந்தால் அதை நிரந்தரமாக விலக்கிவைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிகள் நிறுவனங்களுக்கு இடம் தந்தன, பாலிசி எடுத்த பிறகு வந்த நோயாக இருந்தால் அப்படி விலக்க முடியாது. நோய் உறுதியான பிறகு பழைய பாலிசியைக் கைவிட்டுப் புதியது தேடுவது ஆபத்து. தவணை கூடினாலும் பழையதைத் தொடருங்கள்.

வருமான வரி கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் குறிப்பிடப்பட்ட நோய்களில் டிமென்ஷியாவும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளிக்கப்பட்டிருந்தால், மூத்த குடிமகனான தந்தைக்கோ தாய்க்கோ செய்த சிகிச்சைச் செலவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நரம்பியல் நிபுணரின் மருந்துச் சீட்டு தேவை, காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகையைக் கழித்துவிட வேண்டும், பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கே இது பொருந்தும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன என்பதால் ஆடிட்டரிடம் எண்ணைச் சொல்லாமல் நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வருமானமே இல்லாத முதியோருக்கு, 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை உண்டு, தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். நோய் முற்றியவர்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உதவியும் கிடைக்க வாய்ப்பிருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்பதும் பயனுள்ளது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567க்குப் பேசலாம். பார்த்துக்கொள்பவரின் மனம் தளர்ந்தால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

ஆள் வைப்பது

ஏஜென்சி மூலம் வரும் ஹோம் நர்ஸ் என்பவர் பெரும்பாலும் செவிலியர் படிப்பு முடித்தவர் அல்லர். அல்சைமருக்கு, கடைசிக் கட்டம் வரும்வரை, செவிலியர் தேவையும் இல்லை. பொறுமையும் பலமும் ஒரே சொல்லை இருபது முறை கேட்டாலும் முகம் சுளிக்காத குணமும் உள்ள ஒருவர் போதும். அதே தெருவில் பெற்றோரை முன்பே அறிந்த ஒரு பெண்மணி கிடைத்தால் ஏஜென்சி ஆளைவிட அவரையே நான் விரும்புவேன்.

ஏஜென்சி என்றால் முன்பணம் எவ்வளவு, ஆள் பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள், சம்பளத்தில் அந்த ஆளின் கைக்குப் போவது எவ்வளவு, வார விடுப்பு உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஆதார் நகலும் சொந்த ஊர் முகவரியும் கட்டாயம் வேண்டும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கத்திலிருந்து வருபவர்கள் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போவார்கள், அது அவர்கள் உரிமை. அந்த நாட்களுக்கு யார் என்பதை ஒரு மாதம் முன்பே தீர்மானியுங்கள்.

வேலைக்கு எடுக்கும் முன் குளிக்க வைக்கும் நேரத்தில் அவரைக் கவனித்துப் பாருங்கள். தலையில் முதல் சொம்பைக் கவிழ்ப்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார், முதியவர் பயந்து கையை ஓங்குவார், அடுத்த நாளிலிருந்து குளியலறைப் பக்கமே வரமாட்டார். வெதுவெதுப்பான நீரைப் பாதத்தில் ஊற்றி, பிறகு முழங்கால், பிறகு கை என்று மேலேறி வருபவரே வேலை தெரிந்தவர். "யாரு தாயி நீ?" என்று அம்மாச்சி பத்தாவது முறையாகக் கேட்கும்போது, "இப்பத்தானே சொன்னேன்" என்னாமல், "உங்க கூடத் துணைக்கு இருக்க வந்திருக்கேன் அம்மாச்சி" என்று முதல்முறை சொல்வதுபோலவே சொல்கிறாரா என்று பாருங்கள். அப்படிப்பட்டவர் கிடைத்தால் சம்பளத்தில் ஆயிரம் கூடக் கொடுத்தும் தக்கவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். வாசல் கதவில் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், இரவில் மூடிய கேஸ் ரெகுலேட்டர், வழுக்காத குளியலறைத் தரை ஆகிய மூன்றும் செலவு குறைந்தவை. சட்டைப் பைக்குள் தைத்த துணியில் கைபேசி எண் இருக்கட்டும். சித்திரைத் திருவிழா நாட்களில், அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்குத் தாமாகவே கிளம்பிவிடும் முதியவர்கள் உண்டு. காணாமல்போனால் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திராமல் உடனே 112க்கு அழைத்து, அன்றைய உடையின் நிறத்தையும் அண்மைய படத்தையும் கொடுங்கள்.

இல்லத்தில் சேர்ப்பதானால்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் முதியோர் இல்லங்கள் பல உண்டு. ஆனால் சாதாரண முதியோர் இல்லம் மறதி நோயாளியைச் சேர்க்கத் தயங்கும், அல்லது சேர்த்துக்கொண்டு சில மாதத்தில் அழைத்துப்போகச் சொல்லும். எனவே நோயை மறைக்காமல் சொல்லிவிட்டே பேசுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஆறு மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள், அந்த நேரத்தில்தான் இந்த நோயாளிகளுக்குப் பதற்றம் கூடும். இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள், கட்டிவைக்கும் வழக்கம் உண்டா, தூக்க மாத்திரை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு யாருடையது, முன்வைப்புத் தொகை திரும்புமா என்று நேராகவே கேளுங்கள். கழிவறையையும் சமையல்கட்டையும் காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம். இல்லத்தில் சேர்த்தவரைக் கைவிட்டவர் என்று பேசுவது தவறு. இரவில் இருவர் தேவைப்படும் நிலையில் ஒரே பெண்ணை வைத்து ஓட்டும் வீட்டைவிட நல்ல இல்லம் மேலானது.

நோயாளி படுக்கையாகிவிட்ட கட்டத்தில் தேவைகள் மாறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, நிமிர்த்தி உட்காரவைத்துக் கூழாகக் குழைத்த உணவை மெதுவாக ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது ஆகியவையே அன்றாட வேலை. 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன, கட்டணம் இல்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற நலவாழ்வு மையத்திலோ பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவ்விடத்துச் செவிலியரிடம் புண்ணைக் கழுவிக் கட்டும் முறையை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அதை வீட்டில் ஒருவர் மட்டுமல்லாமல் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள்.